சடையப்பன் வீட்டு நாலு மணி

நாலு மணி டீயைக் குடித்து முடித்ததும் சடையப்பன் கைபேசியை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுகிறார். அணைத்து வைத்தால் போதாதா என்றால், "அணைச்சி வெச்சா கை தானா போயி எடுக்கும் சார். அரிசியத் தோண்டி எடுக்கணும்னா கொஞ்சம் வெக்கமா இர்க்கும்ல?" என்கிறார். அடுத்து தெருக்கதவு. பிறகு கடல் பக்கத்து ஜன்னல். கடைசியாக மின்விசிறி. சித்திரை மாதமானாலும் விசிறி நின்றாக வேண்டும். இசைத்தட்டில் வீணைத் தந்தியை மீட்டிவிட்ட பிறகு கடைசியாக மிஞ்சும் அந்த மெல்லிய ஒலியை விசிறியின் கடகடப்பு தின்றுவிடும் என்பது அவர் கட்சி. முதுகில் வேர்வை கோடாக இறங்க, பனியனோடு நின்று ஆம்ப்ளிபயர் சுவிட்சைப் போடுகிறார்.

போட்டதும் பாட்டு வந்துவிடாது. அது வால்வு செட். உள்ளே இருக்கும் கண்ணாடிக் குமிழ்கள் சிவந்து சூடேற வேண்டும். அதுவரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவற்றையே பார்த்தபடி நிற்பார். அவசரப்படுகிறவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான்: "காலைல மொத ட்ரிப்பு. வண்டி குளுந்து கெடக்குது. சாவி போட்ட ஒடனே டாப் கியர் போடுவியா நீ?"

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம், கல்பாக்கம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரும் அரசுப் பேருந்தை ஓட்டியே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர். சொந்த ஊர் அச்சரப்பாக்கத்துக்கு மேற்கே. அண்ணன் தம்பிகள் இன்னும் அங்கே நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறார்கள். இவர் வேலையோடு கடற்கரைக்கு வந்து, டச்சுக் கோட்டைக்குப் பின்தெருவில் வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகியும் உடம்பு இன்னும் டிரைவர் சீட்டை விட்டு இறங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு சாயாது. வலது கால் தரையில் பதிந்தே இருக்கும். பாட்டு வேகம் குறைந்து நிதானத்துக்கு வரும் இடத்தில் அந்தக் கால் மெல்லத் தரையை அழுத்துவதை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அது அவருக்குத் தெரியாது.

அந்தத் தடத்தில் ஓடும் தனியார் பேருந்துகளில் பாட்டு அலறும். இவர் வண்டியில் பாட்டே கிடையாது. அதுவும் அவருக்குப் பெருமைதான். "பாட்டு ஓடிக்கினு இர்ந்தா இஞ்சின் இன்னா பேசுதுன்னு எப்டி கேக்கும்? வண்டியில வண்டியக் கேளு. வூட்ல பாட்டக் கேளு." விபத்தில்லாமல் ஓட்டியதற்காகக் கொடுத்த கேடயம் ஒன்று சமையலறைப் பரண்மேல் பழைய குக்கருக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஹாலின் நடுவே, வேறொரு வீட்டில் தொலைக்காட்சி இருக்கக்கூடிய இடத்தில், இருப்பது செட்.

அது வந்த கதை. கல்பாக்கம் குடியிருப்பில் இருந்த ஓர் அதிகாரி மாற்றலாகிப் போகும்போது, இனி கேசட் காலம் என்று தன் ரெக்கார்டு பிளேயரையும் ஒரு பெட்டி இசைத்தட்டுகளையும் கழித்துக்கட்ட நினைத்தார். டியூட்டி முடிந்து போகும்போதெல்லாம் தன் ஜன்னலுக்குக் கீழே சைக்கிளை நிறுத்தி, செயின் மாட்டுவதுபோலக் குனிந்துகொண்டு பாட்டு கேட்கும் டிரைவரை அவர் கவனித்து வைத்திருந்தார். கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார். பிளேயர் அப்போது சுற்றவில்லை. செங்கல்பட்டு ரேடியோ மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும். சடையப்பன் தன் வண்டியிலேயே முன்சீட்டில் புது மனைவி வசுமதியை உட்காரவைத்து, மடியில் தலையணை போட்டு, அதன்மேல் பிளேயரை வைத்தார்.

"அன்னிக்கி ஒரு பள்ளத்துலயும் சக்கரம் எறங்கல சார். நெளிஞ்சி நெளிஞ்சி ஓட்னேன். பின்னாலேர்ந்து ஒருத்தன், 'இன்னா டிரைவரே, மாப்ள ஊர்வலமா?'ன்றான். ஒரு ஆயா, 'என்ன எறக்கி வுடுப்பா, நான் நடந்தே போயிர்றேன்'னு எழுந்து நின்னுக்குச்சி. எவன் இன்னா சொன்னா எனக்கின்னா?"

அந்த மெக்கானிக் பிளேயரைச் சரிசெய்ததோடு, வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்றையும் தானே சாமான் வாங்கிச் சேர்த்துக் கொடுத்தார். ஸ்பீக்கருக்கு மட்டும் பெட்டி செய்யவில்லை. சடையப்பன் வேண்டாம் என்றார். அவருக்குத் தேவை பானை. அச்சரப்பாக்கம் டீக்கடைகளில் அந்தக் காலத்தில் பெரிய மண்பானையின் வாயில் ஸ்பீக்கரை மேல்நோக்கி உட்காரவைத்திருப்பார்கள். பானையின் வயிறு அடிக்குரலை வாங்கிப் பெருக்கித் தரும். சின்ன வயதிலிருந்து அவர் காதில் விழுந்த பாட்டெல்லாம் பானை வழியாக வந்ததுதான்.

பானை வாங்குகிறவர்கள் விரலால் தட்டிப் பார்ப்பார்கள். சடையப்பன் அதன் வாய்க்குள் முகத்தைக் கொடுத்து 'ம்ம்ம்' என்று முனகிப் பார்த்தாராம். ஒன்றை எடுப்பார், முனகுவார், வைப்பார். இன்னொன்றை எடுப்பார். குயவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்த, பானைக்குத் தாலாட்டா?" என்று கேட்டிருக்கிறார். ஒரே குரலில் பதில் சொல்லும் இரண்டு பானைகள் கிடைக்கும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அடியில் கொஞ்சம் பாலாற்று மணல் போட்டிருக்கிறார். வாசலைத் தாண்டினால் கடல்மணல் கொட்டிக் கிடக்கிறதே என்றால், "அது ஈரத்த புடிச்சி வெச்சிகினு வுடாது. பாட்டுக்கு சளி புடிச்சிக்கும்" என்று பதில் வரும்.

பிளேயர் இருப்பது கருங்கல் பீடத்தின்மேல். நிஜமாகவே சாமி பீடம். மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்தில் செதுக்கி முடிக்கும் நேரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்ததால் பின்னம் என்று ஓரம் தள்ளப்பட்டது. பின்னமான பீடத்தில் சாமி உட்காராது. "எங்க ஆளு ஒக்காருவாரு, எனக்குக் குடு" என்று கேட்டு வாங்கி, ஒரு தட்டில் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்து, ஹாலில் இறக்கினார். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குத் தெருவே அதிர மேளம் அடித்தாலும் பீடத்தின்மேல் ஊசி அசையாது. இதைச் சொல்லும்போது அவர் குரலில் இருக்கும் பெருமை, பேத்தி மருத்துவம் படிக்கிறாள் என்று சொல்லும்போதுகூட இருப்பதில்லை.

கடலோரத்தில் இப்படி ஒரு செட்டை வைத்துக்கொள்வது சாதாரண வேலையல்ல. உப்புக் காற்று இரும்பை மட்டுமல்ல, பித்தளையையும் அரிக்கும். வால்வுகளைக் கழற்றி, அவற்றின் கால்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்வார். செட்டுக்குள் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டிருப்பார். இசைத்தட்டுகளைக் கழுவ பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர். துடைக்க வசுமதி ஜாக்கெட் தைத்தது போக மிஞ்சிய லைனிங் துணி. "நெம்மேலியில கடல் தண்ணியிலேர்ந்து உப்பப் பிரிக்கறான் சார், மெட்ராஸ்காரன் குடிக்கணும்னு. என் வூட்டுக் காத்துலேர்ந்து எவன் பிரிச்சிக் குடுப்பான்? நான்தான்."

பாட்டு ஓடும்போது பேச்சு கிடையாது. ஒரு நாளைக்குத் தட்டின் ஒரு பக்கம், அவ்வளவுதான். மறுபக்கம் நாளைக்கு. உள் அறையில் தையல் மிஷின் ஓட்டும் வசுமதியும் அந்த நேரத்தில் மிதியை நிறுத்திவிடுவார். தன் செட்டுக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை அது என்று சடையப்பன் வெகுகாலம் நினைத்திருந்தார்.

மற்றதையெல்லாம் யாரும் பார்க்கலாம், தொட்டும் பார்க்கலாம். ஊசியை மட்டும் தொடக் கூடாது. ஊசிக் கையைப் பூப்போல இறக்கித் தரும் விசை அந்தப் பிளேயரில் எப்போதோ உடைந்துவிட்டது. விரலால்தான் இறக்க வேண்டும். சுற்றும் தட்டின் ஓரத்துக்கு மேல் ஊசியைக் கொண்டுவந்து நிறுத்துவார். உடனே இறக்கமாட்டார். தலையைச் சற்றுப் பின்பக்கம் சாய்த்து, காது கொடுத்து, ஒரு கணம் காத்திருப்பார். அப்புறம்தான் விரல் தாழும். எதற்குக் காத்திருக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"விசிலுக்கு."

ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு விசில் என்றால் போகலாம். பின்னாலிருந்து கண்டக்டர் கொடுக்கும் அந்த இரண்டு விசில் கேட்காமல் வாழ்நாளில் ஒருமுறைகூட அவர் வண்டியை நகர்த்தியதில்லை. "ஏறுறவன் ஏறிட்டானா, எறங்கறவன் எறங்கிட்டானான்னு எனக்கு எப்டி தெரியும்? பின்னால கீறவனுக்குத்தான் தெரியும். அந்த விசிலு மனசுல கேக்கும் சார். அப்பாலதான் கை எறங்கும்."

அந்த வீட்டில் ஊசியைத் தொட்ட ஒரே கை தன்னுடையது என்பதுதான் அவருடைய பெருமைகளிலெல்லாம் பெரிய பெருமை. அதனால்தான் எந்தத் தட்டிலும் கீறல் இல்லை என்பார். ஒரே ஒரு தட்டைத் தவிர. அதிகாரி கொடுத்த பெட்டியில் நாதஸ்வரத் தட்டு ஒன்று இருந்தது. ஒரு பக்கம் முழுக்கத் தோடி ராகம். சடையப்பனுக்கு நாதஸ்வரம் வீட்டுக்குள் கேட்கிற வாத்தியமல்ல. எப்போதோ ஒருமுறைதான் போடுவார். ஆனால் போடும்போதெல்லாம் அது முன்னைவிடக் கொரகொரப்பாக இருக்கும். "கம்பெனிக்காரன் மட்ட சரக்குல போட்டு ஏமாத்திட்டான். ஓடாமலே தேயற தட்டு ஒலகத்துலயே இது ஒண்ணுதான்" என்று பெயர் தெரியாத அந்தக் கம்பெனியை வாய்நிறையத் திட்டுவார். ஒருமுறை பிளேயருக்குப் பின்னால் தையல் மிஷினில் நூல் சுற்றும் இரும்புப் பாபின் ஒன்று கிடந்தது. "உன் சாமானு இங்க இன்னா பண்ணுது?" என்று கேட்டதற்கு, "எலி இழுத்துகினு வந்திருக்கும்" என்றார் வசுமதி. எலிப்பொறி வாங்கி வைத்தார் சடையப்பன்.

போன ஆடி மாதம் டீ கிளாஸ் அவர் கையில் ஆடியது. முதலில் வலது கை. அப்புறம் இடது கையும். மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவர், ஆட்டம் குறையும், முழுக்கப் போகாது என்று சொன்னார். கிளாஸில் பாதி டீ ஊற்றப் பழகிக்கொண்டார். சட்டைப் பித்தானை வசுமதி போட்டுவிட்டதையும் ஏற்றுக்கொண்டார். ஊசி மட்டும் வழிக்கு வரவில்லை. ஒருநாள் அவர் மிகவும் விரும்பும் வீணைத் தட்டின்மேல் ஊசி விழுந்து குறுக்காக ஓடியது. பானைகள் இரண்டும் ஒரே நேரத்தில் அலறின. அன்றைக்குச் சுவிட்சை அணைத்தவர் பிறகு போடவேயில்லை. நாலு மணி வரும், டீ வரும். கைபேசி மேசையிலேயே கிடக்கும்.

டெப்போவில் ஒருமுறை, குடித்துவிட்டு வந்த சக ஓட்டுநரின் கை நடுங்குவதைப் பார்த்துச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டவர் அவர். "கை ஆடற டிரைவரு வண்டிய எடுக்கக் கூடாது. ஊருக்கெல்லாம் நான் சொன்ன சட்டம். எனக்கு மட்டும் வேற சட்டமா?" என்று என்னிடம் கேட்டார். செட்டைக் கொடுத்துவிடப்போவதாகவும் சொன்னார். சும்மா கிடந்தால் உப்பு தின்றுவிடும். ஓட்டத் தெரிந்தவன் கையில் போகட்டும் என்றார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பழைய செட்டுகளைச் சேர்த்து வைக்கும் ஹேமந்த் என்ற இளைஞன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து காரில் வந்தான். நல்ல பையன். செருப்பை வாசலிலேயே விட்டான். பின்சீட்டில் கம்பளி விரித்து வைத்திருந்தான். பானையைத் தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார் சடையப்பன். உள்ளே தையல் மிஷின் வழக்கத்தைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு தடவ ஓடவிட்டுக் காட்டுங்க அங்கிள்" என்றான் ஹேமந்த். "உங்க கையில எப்டி கேக்குதுன்னு தெரிஞ்சிகிட்டுப் போறேன். வீட்ல அதே மாதிரி வைக்கணும்ல?"

அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. கதவைச் சாத்தினார். ஜன்னலைச் சாத்தினார். விசிறியை நிறுத்தினார். வால்வுகள் சிவக்கும்வரை நாங்கள் மூவரும் நின்றோம். ஒரு தட்டை வைத்து, துடைத்து, ஊசிக் கையைத் தூக்கினார். அது தட்டின் ஓரத்தில் மோதி, எழும்பி, மறுபடி மோதியது. பானைகளிலிருந்து 'சொரக் சொரக்' என்று சத்தம் வந்தது. தூக்கி மறுபடி முயன்றார். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டார். இரண்டு கையும் சேர்ந்து ஆடின.

"நான் வைக்கட்டுமா அங்கிள்?" ஹேமந்த் கையை நீட்டினான்.

"தொடாத!"

பேருந்து ஹாரன் போல ஒலித்தது குரல். பையன் பின்வாங்கி என்மேல் இடித்துக்கொண்டான். உள்ளே தையல் மிஷின் நின்றது.

வசுமதி வந்தார். கழுத்தில் அளவு நாடா, தோளில் ஒட்டிய நூல்.

"நகரு" என்றார்.

"நீ எங்க வர?"

"நகருன்றேன்ல."

அவர் நகர்ந்தார். வசுமதி பிளேயரிலிருந்த தட்டை எடுத்து உறையில் போட்டார். அலமாரியில் பேரைப் பார்க்காமலே கைவிட்டு நாதஸ்வரத் தட்டை உருவினார். பிளேயரில் வைத்து, லைனிங் துணியால் கோடுகளின் போக்கிலேயே சுற்றித் துடைத்தார். அப்புறம் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பாபினை எடுத்து ஊசிக் கையின் தலைமேல் வைத்தார்.

சடையப்பன் குனிந்து பார்த்தார். "அது இன்னாது?"

"தெரியல? பாபினு. இந்தத் தட்டு ஒரு பக்கம் எழும்பிகினு கீது. வெயிட்டு வெக்கலன்னா ஊசி வழுக்கும்."

"வெயிட்டு அழுத்தித்தான் கொரகொரன்னு ஆச்சா! நான் கம்பெனிக்காரனப் போட்டுத் திட்டிகினு இர்ந்தேனே!"

"நல்லாத் திட்டின. நானும் உள்ள குந்திக் கேட்டுகினுதான் இர்ந்தேன்."

"எப்போ? எப்போ போட்ட நீ?"

"உனக்கு நைட் ஹால்ட்டு, செங்கல்பட்டுல படுத்துக்குவ. நான் இங்க சொவத்தப் பாத்துகினு குந்தியிருக்கவா? நான் பொறந்தது திருக்கழுக்குன்றம் மாட வீதி. நாதஸ்வரம் கேட்டாத்தான் எனக்குப் பொழுது வுடிஞ்ச மாதிரி. உனக்கு அது புடிக்காதே."

"எலின்னு சொன்னியே?"

"ஆமா. நான்தான் அந்த எலி."

ஹேமந்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக மாற்றிக்கொண்டான். சடையப்பன் அவனைப் பார்க்கவில்லை. "எங் கையத் தவிர ஒரு கை பட்டதில்லன்னு ஊரெல்லாம் சொல்லிகினு..."

"மொத மொதல்ல இத்த மடியில வெச்சிகினு செங்கல்பட்டு வரைக்கும் வந்தது யாரு? எங் கைதான் மொதல்ல பட்டுது. அப்பாலதான் உன்னுது." வசுமதியின் குரல் உயரவில்லை. "விக்கிறேன்ற. நீ ரிட்டையர் ஆன அன்னிக்கி பஸ்ஸ வித்துட்டாங்களா? வேற டிரைவரு எடுத்துகினு போவல?"

சடையப்பன் வாசல் கதவைப் பார்த்தார். வால்வுகளைப் பார்த்தார். வெகுநேரம் அந்தப் பாபினைப் பார்த்தார்.

"பாபின எடு" என்றார் கடைசியில்.

"வழுக்கும்."

"வழுக்காது. ஓரத்துலதான் தட்டு எழும்பிகினு கீது. கொஞ்சம் உள்ள தள்ளி எறக்கு. மொதல்ல ஊதறது ரெண்டு மூச்சு போவும், போவட்டும். தட்டு தேயாது."

வசுமதி பாபினை எடுத்து மறுபடி முந்தானையில் முடிந்தார். "வழுக்கிச்சின்னா நீதான் பொறுப்பு."

"செரி, நான்தான் பொறுப்பு. எடு."

வாழ்நாளெல்லாம் தையல் ஊசியில் நூல் கோத்த விரல்கள் ஊசிக் கையைத் தூக்கின. அது ஆடவில்லை. சுற்றும் தட்டின் ஓரத்தைத் தாண்டி, அவர் சொன்ன இடத்துக்கு மேலே வந்து நின்றது. நின்றதே தவிர இறங்கவில்லை. ஹேமந்த் என்னைப் பார்த்தான். வசுமதி தலையைச் சற்றுப் பின்பக்கம் சாய்த்து, காது கொடுத்து, காத்திருந்தார்.

சடையப்பன் ஆடும் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். ஓர் அடி பின்னால் போய் மனைவிக்குப் பின்புறம் நின்றார். உதட்டைக் குவித்து, குட்டையாக இரண்டு முறை விசில் அடித்தார்.